செயலி வெளியான பிறகு வரும் பில்கள்: மாதச் செலவைக் கணக்கிடுவது எப்படி?

ஒரு கைபேசிச் செயலியை உருவாக்க எவ்வளவு ஆகும் என்று கேட்காதவர்கள் இல்லை. உருவாக்கிய செயலியை ஓராண்டு ஓட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. வடிவமைப்பு, நிரல், சோதனை என்று கையில் இருந்த பணமெல்லாம் வெளியீட்டு நாளுக்குள் தீர்ந்துவிடுகிறது. அடுத்த மாதம் முதல் பில்கள் வரத் தொடங்குகின்றன. பயனர்கள் இருந்தும் பராமரிக்கப் பணமில்லாமல் நின்றுபோகும் செயலிகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் அந்தச் செலவில் பெரும்பகுதியை முன்கூட்டியே கணித்துவிடலாம். அதற்குக் கணக்கியல் படிப்பு தேவையில்லை. எந்தச் செலவு எதனால் கூடுகிறது என்று தெரிந்தால் போதும்.

அந்தக் கோணத்தில் பார்த்தால் செலவுகள் மூன்று வழிகளில் வருகின்றன. சில செலவுகள் நாள்காட்டியைப் பார்த்து வரும். பயனர் ஒருவர் இருந்தாலும் லட்சம் பேர் இருந்தாலும் தொகை மாறாது. சில செலவுகள் பயன்பாட்டைப் பார்த்து வரும். மூன்றாவது வகை, வேறு யாரோ எடுக்கும் முடிவுகளால் வருவது. பட்ஜெட் போடுபவர்கள் முதல் வகையைக் கவனமாக எழுதுகிறார்கள், இரண்டாவதைக் குத்துமதிப்பாகப் போடுகிறார்கள், மூன்றாவதை அடியோடு மறந்துவிடுகிறார்கள். தொகையின் அளவோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கும்.

தேதி வந்தால் கட்ட வேண்டியவை

இவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆப்பிள் ஆப் ஸ்டோரில் செயலியை வைத்திருக்க டெவலப்பர் கணக்குக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும். கூகுள் பிளே ஸ்டோரில் ஒரே ஒரு முறை 25 டாலர் பதிவுக் கட்டணம். டொமைன் பெயருக்கு, அதாவது உங்கள் இணைய முகவரிக்கு, ஆண்டுக் கட்டணம் உண்டு. இணைப்பைப் பாதுகாக்கும் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்பிடம் இலவசமாகவே பெறலாம். ஆனால் அது 90 நாள்களில் காலாவதியாகும் என்பதால் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைச் செய்துவைக்க வேண்டும். இவற்றோடு, செயலி எங்கே செயலிழந்தது என்று தெரிவிக்கும் சேவை, மின்னஞ்சல் அனுப்பும் சேவை, நிரலைச் சேமித்துவைக்கும் தளம் என்று மாதச் சந்தா கேட்கும் கருவிகள் சில இருக்கும்.

தொகை சிறியதுதான். தவறவிட்டால் வரும் பாதிப்பு பெரியது. ஆப்பிள் கணக்கைப் புதுப்பிக்காவிட்டால் ஸ்டோரில் செயலியைப் புதிதாக யாரும் இறக்கிக்கொள்ள முடியாது. அப்டேட்டும் அனுப்ப முடியாது. டொமைன் காலாவதியானால், அதை நம்பி இயங்கும் செயலி எல்லாப் பயனர்களின் கையிலும் ஒரே நேரத்தில் முடங்கும். எனவே பட்ஜெட் அட்டவணையில் தொகைக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று விவரங்களை எழுதுங்கள்: புதுப்பிக்கும் தேதி, எந்த அட்டையிலிருந்து பணம் போகிறது, நினைவூட்டல் யாருடைய மின்னஞ்சலுக்கு வருகிறது. வேலையை விட்டுப் போனவரின் மின்னஞ்சலுக்கு எச்சரிக்கை வந்துகொண்டிருந்தால் அதைப் பார்க்க ஆள் இருக்காது.

பயன்பாட்டோடு வளரும் செலவு

இங்கேதான் நிதானமாக உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். சர்வர், சேமிப்பிடம், தரவு வெளியேற்றம் (சர்வரிலிருந்து பயனரின் கைபேசிக்கு இறங்கும் தரவு), தரவுத்தளம், குறுஞ்செய்தி, வரைபடம் என எல்லாமே எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் வாங்குபவை. "எங்களிடம் பத்தாயிரம் பயனர்கள், மாதம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. அந்தப் பத்தாயிரம் பேரும் செயலிக்குள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தொகை ஐம்பது மடங்குகூட வேறுபடும்.

ஒரு புகைப்படத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பயனர்கள் படம் பதிவேற்றும் செயலி ஒன்றை நடத்துகிறீர்கள். இன்றைய கைபேசியில் எடுக்கும் படம் ஒன்று சுமார் 3 எம்பி இருக்கும். அதை அப்படியே சேமித்து, பட்டியல் பக்கத்தில் கட்டைவிரல் அளவில் காட்டுகிறீர்கள். பார்ப்பவருக்குத் தெரிவது சின்னப் படம். இறங்குவதோ முழு 3 எம்பி. நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேர், ஆளுக்கு இருபது படங்கள் என்றால் ஒரு நாளைக்கு 600 ஜிபி, மாதத்துக்கு 18,000 ஜிபி. அமேசானின் கிளவுட் (வாடகை சர்வர்) சேவை அமெரிக்கப் பகுதிகளில் மாதம் முதல் 100 ஜிபி வெளியேற்றத்தை இலவசமாகத் தருகிறது. அதற்கு மேல் முதல் 10 டிபி (சுமார் 10,000 ஜிபி) வரை ஜிபிக்கு 9 சென்ட், பிறகு சற்றுக் குறையும். கூட்டிப் பார்த்தால் மாதம் 1,500 டாலருக்கு மேல் போகும். அதே படத்தைப் பதிவேற்றும்போதே சுருக்கி 60 கேபி அளவில் ஒரு சிறு பிரதி செய்துவைத்தால் மாத வெளியேற்றம் 360 ஜிபிதான். பில் 25 டாலருக்குள் அடங்கும். ஒரு முறை இறங்கிய படத்தைக் கைபேசியிலேயே வைத்துக்கொள்ளும்படி செய்தால் இன்னும் குறையும். பயனர்கள் குறையவில்லை, வசதி குறையவில்லை. ஒரு நிரலாளரின் ஓரிரு நாள் வேலைதான் இத்தனை வித்தியாசத்தைக் கொண்டுவருகிறது. "பயனர் கூடினால் செலவு கூடத்தானே செய்யும்" என்று பில்லைக் கட்டிக்கொண்டே போவதற்கு முன், அந்தப் பில் எதற்கு வருகிறது என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

தரவுத்தளத்திலும் இதே கதை. கூகுளின் ஃபயர்ஸ்டோர் என்ற தரவுத்தளச் சேவை, படிக்கப்படும் ஆவணங்களின் (அதாவது பதிவுகளின்) எண்ணிக்கைக்குக் கட்டணம் வாங்குகிறது. நாளொன்றுக்கு 50,000 வாசிப்புகள் இலவசம். கேட்கும்போது பெரிய எண்ணாகத் தெரியும். முகப்புப் பக்கத்தில் 40 பதிவுகளைக் காட்டும் செயலியை 3,000 பேர் தினமும் நான்கு முறை திறந்தால் 4,80,000 வாசிப்புகள். இலவச அளவு காலை வேளையிலேயே முடிந்துவிடும். முதலில் 15 பதிவுகளை மட்டும் காட்டி, பயனர் கீழே நகர்த்தும்போது மீதியைக் கொண்டுவந்தால் பெரும்பாலோருக்கு முதல் பதினைந்தே போதுமானதாக இருக்கும்.

உள்நுழைவுக்கு அனுப்பும் ஓடிபி குறுஞ்செய்திகளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கைபேசித் திரையில் தோன்றும் புஷ் அறிவிப்புகளை கூகுளின் ஃபயர்பேஸ் சேவை வழியாக இலவசமாக அனுப்பலாம். குறுஞ்செய்திக்கு அப்படியல்ல, ஒவ்வொன்றுக்கும் காசு, அதுவும் நாட்டுக்கு நாடு வேறு விலை. பயனரை இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியேற்றி மறுபடி ஓடிபி கேட்கும் செயலி, பயனருக்கும் தொல்லை, உங்களுக்கும் செலவு. பணப் பரிமாற்றம் போன்ற தேவை இல்லாதவரை உள்நுழைவை நீண்ட நாள் செல்லுபடியாக வைத்திருப்பதில் தவறில்லை.

இதில் ஒரு மோசடியும் உண்டு. தானியங்கி நிரலை வைத்து, குறிப்பிட்ட வெளிநாட்டு எண் வரிசைகளுக்கு ஆயிரக்கணக்கில் ஓடிபி கேட்கவைப்பார்கள். அந்த எண்களுக்குச் செல்லும் ஒவ்வொரு செய்தியிலும் மோசடிக்காரர்களுக்குப் பங்கு கிடைக்கும்; பில் மட்டும் உங்கள் பெயருக்கு வரும். உங்களுக்குப் பயனர்கள் இல்லாத நாடுகளுக்குக் குறுஞ்செய்தியை முடக்கிவையுங்கள். ஒரே எண்ணுக்கும் ஒரே சாதனத்துக்கும் இத்தனை முறைதான் என்று வரம்பு வையுங்கள். செயலி வெளியாகும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

இலவச அளவை நம்பி பட்ஜெட் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இலவசம் என்பது அந்த நிறுவனம் விரும்பும்வரைதான். செயலிகளின் சர்வர் நிரலை இயக்கித் தரும் ஹீரோக்கு தளம், பல ஆண்டுகள் தந்துவந்த இலவசத் திட்டத்தை 2022 நவம்பரில் நிறுத்தியது. கூகுள் வரைபடச் சேவை மாதந்தோறும் தந்துவந்த 200 டாலர் சலுகையை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டு, ஒவ்வொரு வசதிக்கும் தனித்தனி இலவச அளவு என்று மாற்றியது. இலவசத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஆனால் அட்டவணையில் அந்த வரியில் பூஜ்யம் போடாதீர்கள். நாளை கட்டணம் வந்தால் எவ்வளவு என்பதைப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

புதிதாக வருபவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று, கிளவுட் தளங்களில் இருக்கும் 'பட்ஜெட்' வசதி. கூகுள் கிளவுடில் மாதம் 100 டாலர் என்று பட்ஜெட் வைத்தால், தொகை அதைத் தொட்டதும் சேவை நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. மின்னஞ்சல் வரும், அவ்வளவுதான். செலவு தொடர்ந்து ஓடும். நிறுத்த வேண்டுமென்றால் அதற்கான ஏற்பாட்டை நீங்களே தனியாகச் செய்ய வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கிளவுடில் அளக்கும் வேலை முழுக்க உங்களுடையது. 50, 80, 100 விழுக்காடு என்று மூன்று எச்சரிக்கைகளையாவது வைத்து, அவை குறைந்தது இருவருக்குப் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறர் எடுக்கும் முடிவுகள்

செயலியில் ஒரு வரியைக்கூட மாற்றாமல் அப்படியே விட்டுவைத்தாலும் அது பழையதாகிவிடும். அதன் அடியில் இருக்கும் தரை நகர்ந்துகொண்டே இருப்பதுதான் காரணம்.

கூகுள் பிளே ஆண்டுதோறும் ஒரு கெடு வைக்கிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய செயலிகளும் அப்டேட்களும் ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காகக் கொண்டிருக்க வேண்டும் என்றது. மிகவும் பின்தங்கிய பழைய செயலிகள், புதிய ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருக்கும் புதுப் பயனர்களின் கண்ணில் படாமல் போகும். ஆப்பிள் 2025 ஏப்ரல் 24 முதல், செயலிகளைக் கட்டுவதற்கான தன் மென்பொருளான எக்ஸ்கோடின் 16 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் கட்டப்பட்ட செயலிகளை மட்டுமே ஏற்றது. அந்தப் பதிப்பு பழைய மேக் கணினிகளில் ஓடாது. எனவே ஒரு சிறு குழுவுக்கு அது புதுக் கணினிச் செலவாகவும் மாறக்கூடும். கணக்கைச் செயலிக்குள்ளேயே நீக்கும் வசதி இருக்க வேண்டும் என்று 2022 ஜூன் 30 முதல் ஆப்பிள் கட்டாயமாக்கியது. பயனருக்கு அது நல்ல விதிதான். செயலி நடத்துபவருக்கு அது வடிவமைத்து, எழுதி, சோதிக்க வேண்டிய வேலை.

சேவைகளே மூடப்படுவதும் உண்டு. செயலிகளின் சர்வர் வேலையைச் செய்துதந்த, ஃபேஸ்புக் வாங்கிய பார்ஸ் என்ற சேவையை நம்பி ஏராளமான செயலிகள் இயங்கிவந்தன. 2016 ஜனவரியில் மூடுவதாக அறிவித்து, ஓராண்டு அவகாசம் தந்து, 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள். பயனரை நேராகச் செயலிக்குள் கொண்டுசெல்லும் இணைப்புகளைத் தந்துவந்த, கூகுளின் ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க்ஸ் 2025 ஆகஸ்டில் நின்றது. இரண்டு முறையும் அதைப் பயன்படுத்தியவர்கள் திட்டமிடாத ஒரு வேலைக்கு ஆளையும் பணத்தையும் தேட வேண்டியிருந்தது.

இதற்கு எவ்வளவு ஒதுக்குவது? உருவாக்கச் செலவில் 15 முதல் 20 விழுக்காட்டை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு வையுங்கள் என்பது இத்துறையில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தொடக்கத்தில் ஒரு எண் வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை நான் முழுதாக நம்புவதில்லை. குறைந்த விலைக்கு, அவசரமாக, சோதனைகள் இல்லாமல் கட்டப்பட்ட செயலிக்குத்தான் பராமரிப்பு அதிகம் தேவைப்படும். இந்த விழுக்காட்டுக் கணக்கோ அதற்குத்தான் குறைவாக ஒதுக்கச் சொல்கிறது. அதைவிட, நாள்களை எண்ணுவது நல்லது: ஆண்டுக்கு இரண்டு பெரிய இயங்குதள மாற்றங்களுக்கு எத்தனை நாள், வெளி நூலகங்களை (பிறர் எழுதித் தரும் ஆயத்த நிரல்களை) புதுப்பிக்க எத்தனை நாள், எதிர்பாராததற்கு எத்தனை நாள். அதை நிரலாளரின் தினக் கட்டணத்தால் பெருக்குங்கள். செயலியில் எத்தனை வெளிச் சேவைகள் பின்னப்பட்டிருக்கின்றனவோ அதற்கேற்ப நாள்களும் கூடும். ஒரு புது வசதியைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும்போது இதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

மனிதர்களின் நேரம்

பயனர்கள் கேள்வி கேட்பார்கள், புகார் சொல்வார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், ஸ்டோரில் விமர்சனம் எழுதுவார்கள். பதில் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாகவே இருந்தாலும் உங்கள் நேரத்துக்கு ஒரு விலை போட்டு அட்டவணையில் எழுதுங்கள். இல்லையென்றால் செயலி லாபத்தில் ஓடுவது போலத் தோன்றும். உண்மையில் உங்கள் இரவுகள்தான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

எண்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால்

எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குள் கொண்டுவர உதவும் எண் ஒன்று உண்டு: மாதம் ஒன்றுக்கு, செயலியை உண்மையில் பயன்படுத்தும் ஒரு பயனருக்கு ஆகும் செலவு. ஸ்டோரில் காட்டும் மொத்தப் பதிவிறக்க எண்ணிக்கையை இதற்குப் பயன்படுத்தக் கூடாது; இறக்கிவிட்டு மறந்தவர்களும் அதில் இருப்பார்கள்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைச் செயலியை வைத்துக்கொள்வோம். மாதம் 4,000 பேர் பயன்படுத்துகிறார்கள். கணக்குகள், டொமைன், அடிப்படை சர்வர், கருவிகள் சேர்த்து 80 டாலர். தரவு வெளியேற்றம், குறுஞ்செய்தி, வரைபடம் 100 டாலர். பராமரிப்புக்கு ஆண்டில் 24 நாள், நாளுக்கு 150 டாலர் என்றால் மாதம் 300. பயனர் உதவிக்கு 20 மணி நேரம், மணிக்கு 10 டாலர் வீதம் 200. மொத்தம் 680 டாலர். ஆளுக்கு 17 சென்ட்.

வருமானம்? நூற்றுக்கு இரண்டு பேர் மாதம் 5 டாலர் சந்தா கட்டுகிறார்கள் என்றால் 80 பேரிடமிருந்து 400 டாலர். இதில் ஸ்டோரின் கமிஷன் போக வேண்டும். 2021 முதல், ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலருக்குள் இருக்கும் சிறு நிறுவனங்களுக்கு ஆப்பிள் 30-க்குப் பதில் 15 விழுக்காடு வாங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் நீங்களாக விண்ணப்பித்துச் சேர வேண்டும். அதே ஆண்டு கூகுளும் முதல் பத்து லட்சம் டாலர் வருமானத்துக்கு 15 விழுக்காடு என்று குறைத்தது. 15 போனால் கையில் 340, செலவில் சரிபாதி. அரசுக்குக் கட்டும் வரிகள் தனி.

பயனர்கள் 40,000 ஆனால் என்னவாகும்? அட்டவணையின் முதல் வரி (கணக்குகள், டொமைன், சர்வர், கருவிகள்) 200 டாலர் ஆகலாம், பயன்பாட்டுச் செலவின் வரி பத்து மடங்காகி 1,000, பராமரிப்பு அதே 300, உதவி 1,200 என்று வைத்தால் மொத்தம் 2,700. சந்தா வருமானம் கமிஷன் போக 3,400. நட்டத்தில் இருந்த செயலி தன் காலில் நிற்கத் தொடங்குகிறது. இப்படிப் பயனர்கள் பத்து மடங்கானால் என்னவாகும் என்று அட்டவணையில் இன்னொரு பத்தி எழுதிப் பார்ப்பது மிகவும் பயன்படும். எந்த வரி அசையாமல் நிற்கிறது, எந்த வரி பயனரோடு சேர்ந்து ஓடுகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். பயன்பாட்டு வரி வருமானத்தைவிட வேகமாக வளர்ந்தால், விளம்பரத்துக்குச் செலவிடும் முன் அந்த வரியைச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு புதுப் பயனரும் நட்டத்தைத்தான் கூட்டுவார்.

பணம் வந்து சேரும் காலத்தையும் கவனியுங்கள். பயனர் இன்று கட்டிய சந்தா இன்றே உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. கூகுள் பொதுவாக ஒரு மாதத்தின் தொகையை அடுத்த மாதம் 15-ஆம் தேதி அனுப்பத் தொடங்குகிறது. ஆப்பிள், தன் நிதி மாதம் முடிந்து 45 நாள்களுக்குள் தருவதாகச் சொல்கிறது. கிளவுட் பில்லோ மாதம் முடிந்ததும் அட்டையிலிருந்து போய்விடும். வளரும் மாதங்களில்தான் இந்த இடைவெளி அதிகம் வலிக்கும், ஏனென்றால் பில் இந்த மாத அளவில் வரும், வருமானம் பழைய மாத அளவில் வரும். குறைந்தது மூன்று மாதச் செலவைக் கையிருப்பாக வைத்திருங்கள், முடிந்தால் ஆறு.

அட்டவணையில் கடைசியாக ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வேன்: மூடும் செலவு. பலருக்கு இது கசப்பாக இருக்கும். ஆனால் ஒரு செயலியை நிறுத்துவதற்கும் பணம் வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டியவர்களின் மீதித் தொகையைத் திருப்பித் தர வழி செய்ய வேண்டும். பயனர்கள் தங்கள் தரவை எடுத்துக்கொள்ள சில மாதங்கள் சர்வரை ஓட்ட வேண்டும், அந்த ஏற்பாட்டை எழுத நிரலாளருக்குச் சில நாள்கள் வேண்டும், பிறகு தரவையும் பேக்கப்புகளையும் முறையாக அழிக்க வேண்டும். டொமைனை மட்டும் உடனே விட்டுவிடாதீர்கள். பழைய கைபேசிகளில் இருக்கும் செயலி அந்த முகவரியைத் தொடர்ந்து தேடிக்கொண்டிருக்கும். உங்கள் பெயரில் பழைய மின்னஞ்சல்களும் வந்துகொண்டிருக்கும். வேறொருவர் அந்த டொமைனை வாங்கினால் அவையெல்லாம் அவர் கைக்குப் போகும். செயலியை மூடிய பிறகும் சில ஆண்டுகளுக்கு அந்தச் சிறு கட்டணத்தைக் கட்டிவர வேண்டும். அதற்கான தொகையை இப்போதே ஒதுக்கிவையுங்கள்.